டாக்டரம்மா பதில்கள்: அமெரிக்காவில் கருக்கலைப்பு, கோர்ட்டும் கட்டிலும்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "அமெரிக்காவின் சில மாநிலங்களில் இன்று ஒரு மகப்பேறு மருத்துவர் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்த மாதப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. தைராய்டு பற்றியும் மாதவிடாய் நிற்பது பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி: 1973-லேயே கருக்கலைப்பு உரிமையைக் கொடுத்த நாடு அமெரிக்கா. ஐம்பது வருடம் கழித்து அது எப்படிப் பறிபோனது?*

அந்த உரிமையைக் கொடுத்தது நாடாளுமன்றம் இல்லை அம்மா, நீதிமன்றம். அதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. 1973 ஜனவரி 22 அன்று 'ரோ எதிர் வேட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது. அரசியல் சாசனத்தில் கருக்கலைப்பு என்ற பேச்சே கிடையாது. ஆனால் 14-வது திருத்தம் காக்கிற சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமை அடங்கும், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவும் அதற்குள் வரும் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். டெக்சாஸில் வழக்குப் போட்ட பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தீர்ப்பு வருவதற்கு வெகு முன்பே அவருக்குக் குழந்தை பிறந்து, தத்தும் கொடுத்தாகிவிட்டது.

நீதிபதிகளின் விளக்கத்தால் வந்த உரிமை, நீதிபதிகள் மாறினால் போய்விடும். பெண்ணுரிமைக்காகவே வாழ்நாளெல்லாம் வாதாடிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கே ரோ தீர்ப்பின் அடித்தளத்தைக் குறை சொன்னவர். அந்தரங்கத்தின் மேல் கட்டியதற்குப் பதிலாக ஆண்-பெண் சமத்துவத்தின் மேல் கட்டியிருக்க வேண்டும், ஒரேயடியாகத் தாவாமல் படிப்படியாகப் போயிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 2020 செப்டம்பரில் அவர் இறந்தார். அடுத்த மாதமே அவர் இடத்தில் ஏமி கோனி பாரெட் உட்கார்ந்தார். டிரம்ப் தன் முதல் ஆட்சிக் காலத்தில் நியமித்த மூன்றாவது நீதிபதி அவர். 2022 ஜூன் 24 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் 15 வாரச் சட்டம் பற்றிய 'டாப்ஸ்' வழக்கில், சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பு ரோவை ரத்து செய்தது.

நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. இனி அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் விலகிக்கொண்டது. அதனால் நியூயார்க்கில் ஒரு சட்டம், டெக்சாஸில் வேறொரு சட்டம். பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏறக்குறைய முழுத் தடை. ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் ஆறு வாரம் வரைதான் அனுமதி.

இந்த 'ஆறு வாரம்' என்பதைக் கேட்டால் ஒன்றரை மாதம் அவகாசம் இருப்பது போலத் தோன்றும். நாங்கள் வாரக் கணக்கைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து போடுவோம். நாள் தள்ளிப்போவது தெரியும்போதே நாலு வாரம் முடிந்துவிடும். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண்ணுக்கு அதுவும் தெரியாது. சந்தேகப்பட்டு, பரிசோதித்து, கணவரிடம் சொல்லி, ஒரு டாக்டரைப் பார்ப்பதற்கு அவளுக்குக் கிடைப்பது அதிகம் போனால் இரண்டு வாரம்.

*ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: குடியரசுக் கட்சி எதிர்ப்பு, ஜனநாயகக் கட்சி ஆதரவு. தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா?*

இல்லை ஐயா. ரோ தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன் குடியரசுக் கட்சியின் நிக்ஸன் நியமித்தவர். மேயோ கிளினிக்கின் வழக்கறிஞராக வேலை பார்த்தவர். 1972 கோடை விடுமுறையில் அந்த மருத்துவமனையின் நூலகத்தில் உட்கார்ந்து, கருக்கலைப்பின் மருத்துவ வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் தீர்ப்பை எழுதினார். எதிர்த்த இருவரில் ஒருவரான பைரன் வைட், ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர். 1967-ல் கலிஃபோர்னியாவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்ட ஆளுநர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன்! தென் மாநிலங்களின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் சபைகூட, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று 1971-ல் தீர்மானம் போட்டது. அந்தக் காலத்தில் அழுத்தமாக எதிர்த்தது கத்தோலிக்கத் திருச்சபைதான். கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் அன்று ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

நியூயார்க் மாநிலப் பேரவையில் 1970 ஏப்ரலில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா நிறைவேற 76 வாக்கு தேவை. வாக்கெடுப்பு முடிந்து முடிவை அறிவிக்கப் போகும் நேரம், வாக்கு போதவில்லை. ஜார்ஜ் மைக்கேல்ஸ் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் எழுந்தார். கத்தோலிக்கர்கள் நிறைந்த ஆபர்ன் பகுதியிலிருந்து வந்தவர். தொகுதியின் விருப்பப்படி 'வேண்டாம்' என்று வாக்களித்திருந்தார். அவருடைய வாக்கால் மசோதா தோற்றுவிடக் கூடாது என்று வீட்டில் மகன் கேட்டுக்கொண்டிருந்தான். கை நடுங்க, கண் கலங்க, என் அரசியல் வாழ்க்கையை நானே முடித்துக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் இதைச் செய்கிறேன் என்று அவையில் சொல்லி, வாக்கை மாற்றினார். கடைசி ஒரு வாக்கைப் பேரவைத் தலைவர் போட்டார். மசோதா நிறைவேறியது. கையெழுத்திட்ட ஆளுநர் ராக்ஃபெல்லர் குடியரசுக் கட்சிக்காரர். அதே வருடம் மைக்கேல்ஸுக்குக் கட்சி வேட்பாளர் தேர்தலிலேயே தோல்வி.

கட்சிகள் தனித்தனியாகப் பிரிந்தது எழுபதுகளின் கடைசியில். 1979-ல் பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, தேவாலயத்துக்குப் போகும் வெள்ளை புராட்டஸ்டன்ட் வாக்காளர்களைத் திரட்டினார். 1980-ல் ரீகன் அந்த வாக்குகளோடு ஜனாதிபதி ஆனார். அதற்குப் பிறகு இரண்டு கட்சியிலும் மாற்றுக் கருத்துக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் கட்டப்பட்டார்கள். இன்று அங்கே ஒரு மைக்கேல்ஸ் எழுந்து நிற்பது மிகக் கடினம். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

*அரசு மருத்துவமனை செவிலியர், சிவகங்கை: தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு எல்லா மாநிலத்திலும் உண்டு என்கிறார்கள். பிறகு ஏன் அம்மாக்கள் சாகிறார்கள்?*

சிஸ்டர், லேபர் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது சீக்கிரம் புரியும்.

பதினெட்டாவது வாரம். பெண் ஆசையாகச் சுமந்துகொண்டிருக்கும் குழந்தை. ராத்திரி திடீரென்று பனிக்குடம் உடைந்து நீர் போய்விடுகிறது. ஸ்கேனில் குழந்தையைச் சுற்றி நீரே இல்லை. இதயத் துடிப்பு மட்டும் இருக்கிறது. அந்த வாரத்தில் வெளியே வந்தால் பிழைக்காது. உள்ளே இருந்தாலும் நீர் இல்லாமல் நுரையீரல் வளராது. தாய்க்கோ, உறை கிழிந்த கர்ப்பப்பைக்குள் கிருமி ஏற வழி திறந்தாயிற்று. இந்த நிலையில் நாம் என்ன செய்வோம்? நிலைமையை அவளுக்கும் வீட்டாருக்கும் மறைக்காமல் சொல்வோம். காய்ச்சல் வருவதற்கு முன்பே கர்ப்பத்தை முடித்துவிடலாம் என்போம். அவள் ஒத்துக்கொண்டால் முடிப்போம். கிருமி ரத்தத்தில் கலந்து இரத்த அழுத்தம் விழ ஆரம்பித்தபின் ஓடுவது எப்படிப்பட்ட ஓட்டம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சில மணி நேரத்தில் சிறுநீரகம் நிற்கும்.

டெக்சாஸ் சட்டத்தில் 'மருத்துவ அவசரம்' என்றால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அந்த டாக்டரின் இடத்தில் நின்று பாருங்கள். இதயத் துடிப்பு இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் இல்லை. இப்போது இது அவசரமா? அவசரம் இல்லை என்று பின்னாளில் ஒரு அரசு வக்கீல் சொன்னால், தண்டனை 99 வருடம் வரை அல்லது ஆயுள் சிறை. குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம். லைசென்சும் போய்விடும். டாக்டர் மருத்துவமனை வக்கீலைக் கூப்பிடுகிறார். வக்கீல் காத்திருக்கச் சொல்கிறார். நோயாளி மோசமாவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. டல்லாஸில் இரண்டு பெரிய மருத்துவமனைகளின் டாக்டர்களே, டெக்சாஸில் 2021 செப்டம்பரில் கட்டுப்பாடு வந்தபின் இப்படிச் சீக்கிரமே சிக்கலுக்கு உள்ளான 28 பெண்களின் கதையைத் தொகுத்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சராசரியாக ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறார்கள். 57 சதவீதம் பேருக்குக் கடுமையான உடல் பாதிப்பு. இதே நிலையில் உடனடியாகக் கர்ப்பத்தை முடித்துக்கொள்ள முடிந்த மாநிலங்களில் அது 33 சதவீதம்.

ஜார்ஜியாவில் 2022 ஆகஸ்டில் ஒரு இளம் தாய் இறந்தார். கருக்கலைப்பு மாத்திரை சாப்பிட்டபின் கர்ப்பப்பையில் மிச்சம் தங்கி, கிருமித் தொற்றோடு வந்தவர். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தால் முடிந்திருக்கும். நம் ஊரில் தாலுகா மருத்துவமனையிலேயே செய்கிற வேலை. அறைக்குள் கொண்டுபோகச் சுமார் 20 மணி நேரம் ஆனது. அந்த மரணம் தவிர்த்திருக்கக் கூடியது என்று மாநிலத்தின் சொந்த ஆய்வுக் குழுவே பின்னர் முடிவுக்கு வந்தது.

அயர்லாந்தில் 2012-ல் இறந்த கர்நாடகத்துப் பல் டாக்டர் பெண்ணை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கேயும் 17-வது வாரம், துடிப்பு இருக்கிறது என்ற அதே பதில், அதே கிருமித் தொற்று. 2018-ல் அயர்லாந்து மக்கள் 66 சதவீதம் வாக்களித்து அந்தத் தடையையே எடுத்தார்கள். டெக்சாஸில் 2025-ல் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆபத்து கண்முன் வந்து நிற்கும் வரை டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை என்று அது சொல்கிறது. வரவேற்கிறேன். ஆனால் சிறைத் தண்டனை அப்படியே இருக்கிறது. டாக்டரின் பயம் போக இந்தத் திருத்தம் மட்டும் போதாது.

*வாசகர், நாகர்கோவில்: உயிரைக் காக்கும் தொழிலில் இருந்துகொண்டு, வயிற்றில் இருக்கும் உயிரை உயிர் என்று நீங்கள் மதிக்கவில்லையா?*

மதிக்கிறேன் ஐயா. உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட வேதனை அதிகம் தெரிந்தது, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். இருபது வாரக் குழந்தையைக் கையில் ஏந்தியவள் நான், அது வெறும் சதை என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் தடையை ஆதரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களை வெறுப்பவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. கரு உருவான நிமிடத்திலிருந்து அது ஒரு முழு மனிதர் என்று மனதார நம்புகிறார்கள். அப்படி நம்பினால் தடை கேட்பது நியாயமாகத்தான் தோன்றும்.

அந்த நம்பிக்கையை அப்படியே சட்டமாக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம், செயற்கைக் கருத்தரிப்புக்காக உறைய வைத்த கருக்களும் சட்டத்தின் கண்ணில் குழந்தைகளே என்று தீர்ப்புச் சொன்னது. உடனே பல மையங்கள் சிகிச்சையை நிறுத்திவிட்டன. குழந்தைக்காக ஊசி போட்டுக்கொண்டு, கரு வைக்கும் நாளுக்காகக் காத்திருந்த பெண்கள் நடு வழியில் நின்றார்கள். தடையை ஆதரித்த அதே சட்டமன்றம் மூன்று வாரத்துக்குள் அவசரமாக ஒரு பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது.

பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்து சில வருடம் ஆகியும், ஊர் அறியாமல் முடிக்க வேண்டும் என்று மருத்துவச்சியிடம் போனவர்கள். ஒருத்திக்கு ஏற்கெனவே மூன்று குழந்தைகள். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. வாயைத் திறந்து என்ன செய்தாள் என்று சொல்லவே இல்லை, போலீஸ் வரும் என்று பயம். இரண்டாம் நாள் போய்விட்டாள். சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் ரோ தீர்ப்புக்கு முன்னால் இப்படி வருகிற பெண்களுக்கென்றே தனி வார்டு இருந்தது. கருக்கலைப்பைத் தடுத்த நாடுகள் பெண்களின் தேவையைத் தடுக்கவில்லை. தேவைப்பட்டவள் இருட்டில் போனாள். என் நிலைப்பாடு நான் பயிற்சி பெற்ற வார்டிலிருந்து வந்தது. வேதத்தை வைத்து வாதாட எனக்குத் தகுதி கிடையாது.

பெண் கரு என்று தெரிந்து கலைப்பதை மட்டும் நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை, செய்தவர்களை மன்னிக்கவும் இல்லை. அதைத் தடுக்கும் நம் 1994-ஆம் வருடச் சட்டம் முழு மனதோடு வேண்டும் என்பவள் நான்.

*வாசகி, ஈரோடு: அமெரிக்க மக்கள் என்னதான் நினைக்கிறார்கள்?*

பியூ ஆய்வு மையத்தின் 2024 கணிப்பில், எல்லா அல்லது பெரும்பாலான சூழ்நிலைகளிலும் கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருக்க வேண்டும் என்றவர்கள் 63 சதவீதம். டாப்ஸ் தீர்ப்பு வந்து ஆறு வாரத்தில் கான்சாஸில் நேரடி வாக்கெடுப்பு நடந்தது. குடியரசுக் கட்சியின் கோட்டை அது. உரிமையை மாநில சாசனத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று 59 சதவீதம் பேர் சொன்னார்கள். 2023-ல் ஓஹையோவிலும் உரிமை ஜெயித்தது. 2024 நவம்பரில் பத்து மாநிலங்கள் வாக்களித்து, ஏழில் உரிமைப் பக்கம் வென்றது. ஃபுளோரிடாவில் 57 சதவீதம் ஆதரவு கிடைத்தும் தோல்வி, ஏனென்றால் அங்கே 60 வேண்டும். மிசூரியில் அதே நாளில் டிரம்புக்கும் பெரும்பான்மை, கருக்கலைப்பு உரிமைக்கும் பெரும்பான்மை! மறு வருடமே அந்த மாநிலச் சட்டமன்றம், மக்கள் சொன்னதைத் திருப்ப இன்னொரு வாக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டது.

*மருந்தாளுநர், சேலம்: இவ்வளவு தடை வந்தபின் எண்ணிக்கை குறைந்ததா?*

குறையவில்லை. குட்மாக்கர் நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மருத்துவ அமைப்புக்குள் நடந்தவை மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். அதற்கு முந்தைய பத்து வருடங்களில் இல்லாத அளவு. அதில் 63 சதவீதம் மாத்திரையால் நடந்தவை. மிஃபெப்ரிஸ்டோன் என்ற அந்த மாத்திரை அங்கே 2000-லேயே அனுமதி பெற்றது. மிசோப்ரோஸ்டாலோடு சேர்த்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நியூயார்க் போன்ற மாநிலங்கள் தங்கள் டாக்டர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்திருக்கின்றன. அவர்கள் போனில் ஆலோசனை சொல்லி, தடை உள்ள மாநிலத்துக்கு மாத்திரையைத் தபாலில் அனுப்புகிறார்கள். 2025 ஜனவரியில் லூசியானா ஒரு நியூயார்க் டாக்டர் மேல் குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. அவரை ஒப்படைக்க முடியாது என்று நியூயார்க் ஆளுநர் மறுத்துவிட்டார். இனி சண்டை மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவில். 1873-ல் வந்த காம்ஸ்டாக் சட்டம் என்று ஒன்று உண்டு. கருக்கலைப்புப் பொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்பது அது. அந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

*வாசகி, கோயம்புத்தூர்: அப்படியானால் நம் சட்டம் அமெரிக்காவைவிட மேல் என்று சொல்லலாமா?*

பல விஷயத்தில் சொல்லலாம். நம்முடையது 1971-லேயே நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 2021 திருத்தத்தால் சில பிரிவினருக்கு 24 வாரம் வரை அனுமதி. 2022 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம், திருமணம் ஆகாத பெண்ணுக்கும் அது பொருந்தும் என்றது. ஆனால் இங்கே முடிவு இன்னும் டாக்டரின் கருத்தில்தான் நிற்கிறது. பெண்ணின் உரிமை என்று சட்டம் எழுதவில்லை. கணவர் கையெழுத்து கேட்கிற மருத்துவமனைகள் இன்றும் உண்டு. வயது வந்த பெண்ணுக்குச் சட்டம் அதைக் கேட்கவே இல்லை. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் நம் ஆட்களுக்கும் இதில் அடி விழுந்திருக்கிறது. இந்தியானாவில் ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்குப் போன இந்திய வம்சாவளிப் பெண் ஒருவருக்கு 2015-ல் 20 வருடம் சிறை விதித்தார்கள். கருவைக் கொல்வதற்கு எதிரான சட்டம் கர்ப்பிணியையே தண்டிப்பதற்காக எழுதப்பட்டது அல்ல என்று மேல் நீதிமன்றம் சொல்லி, 2016-ல்தான் வெளியே வந்தார். இது ரோ அமலில் இருந்த காலத்திலேயே நடந்தது.

*ஒரு தகப்பன், தர்மபுரி: என் மகள் டல்லாஸில் இருக்கிறாள். மூன்றாம் மாதம். இதையெல்லாம் படித்துத் தூக்கம் வரவில்லை. அழைத்துக்கொண்டு வந்துவிடட்டுமா?*

வேண்டாம் ஐயா, அங்கேயே இருக்கட்டும். பெரும்பாலான கர்ப்பங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் போகும். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ் சட்டம் கர்ப்பிணியைத் தண்டிப்பதில்லை. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கும், துடிப்பு நின்றுபோன கருவுக்கும் சிகிச்சை தர அந்தச் சட்டத்தில் தடை கிடையாது.

சில விஷயங்களை மட்டும் முன்கூட்டியே செய்துகொள்ளச் சொல்லுங்கள். பத்து வாரத்துக்கு மேல் செய்கிற மரபணு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனைப் பதினெட்டாவது வாரத்திலேயே கேட்டு வாங்கட்டும். ஏதாவது குறை தெரிந்தால் யோசிக்க அப்போதுதான் நாள் இருக்கும். பக்கத்திலுள்ள நியூ மெக்சிகோவிலும் சற்றுத் தள்ளியுள்ள கான்சாஸிலும் சட்டம் வேறு என்பது மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: "பதினெட்டாவது வாரத்தில் எனக்குப் பனிக்குடம் உடைந்தால் இந்த மருத்துவமனையில் என்ன செய்வீர்கள்?" தெளிவாகப் பதில் வந்தால் அங்கேயே தொடரலாம். இழுத்தால் வேறு மருத்துவமனை பார்க்கட்டும், மூன்றாம் மாதத்தில் மாற்றுவது சுலபம். நீர் கசிவு, காய்ச்சல், துர்நாற்றம், ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வருகிறவரைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-லிருந்து அங்கே மத்திய சட்டம் இருக்கிறது. மகள் கேட்கக் கூச்சப்பட்டால் மாப்பிள்ளை கூடப் போய்க் கேட்கட்டும்.